ஆக்டேவியா ஆர்.எஸ்.ஸா, லாரா ஆர்.எஸ்.ஸா? வேலூர்ப் பக்கம் வைத்து ஓட்டப்போகிறவர் எதை எடுக்கலாம்

இரண்டுமே ஸ்கோடா, இரண்டுமே 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், இரண்டுமே கையால் கியர் போடும் வண்டி. வெளியிலிருந்து பார்த்தால் யாரோ ஒரு டாக்டர் வீட்டுக் கார் மாதிரி அமைதியாக நிற்கும், மிதித்தால்தான் விஷயம் தெரியும். ஆர்.எஸ். என்பது ஸ்கோடா தன் வேக மாடலுக்கு வைக்கும் பெயர். ஒன்று முதல் தலைமுறை ஆக்டேவியா ஆர்.எஸ்., இன்னொன்று அதற்கு அடுத்து வந்த லாரா ஆர்.எஸ். குடியாத்தத்தில் இருக்கும் என் சித்தி மகன் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். பெங்களூரில் ஒரு 2008 ஆக்டேவியா, கே.ஏ. நம்பர். இங்கே காட்பாடியிலேயே ஒரு 2012 லாரா, டி.என். 23 நம்பர். "எதுண்ணா எடுக்கலாம்?" என்று கேட்டான். போனில் சொன்னால் பாதி மறந்துவிடுவான், அதோடு இதே இரண்டு வண்டியை வைத்துக் குழம்புகிற வேறு சிலரையும் எனக்குத் தெரியும், அதனால் எழுதியே விடுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எதில் பவர் அதிகம் என்று பார்த்து இந்த முடிவை எடுக்கவே கூடாது. பழையதில் 150 குதிரைத்திறன், புதியதில் 160. பத்து குதிரை வித்தியாசத்தை யாரும் காலில் உணரப்போவதில்லை. பார்க்க வேண்டியது வேறு: எது எப்படிக் கெடும், கெடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுக் கெடுமா, கெட்டால் அதை வேலூரில் வைத்துச் சரிசெய்ய முடியுமா அல்லது லாரியில் ஏற்றிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டுமா. பதினைந்து வருஷம் ஓடிய டர்போ வண்டி வாங்குகிறவருக்கு இந்த மூன்று கேள்விதான் முக்கியம், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் விற்பவர் சொல்வதில் எது நிஜம், எது பில்டப் என்று பிரித்துப் பார்க்கலாம். ஸ்கோடா 2001-ல் ஆக்டேவியாவோடு இந்தியாவுக்குள் வந்தது, வண்டிகளை ஔரங்காபாத்தில் சேர்த்தார்கள். ஆர்.எஸ். இங்கே 2004-ல் வந்தது. ஐரோப்பாவில் அதே ஆர்.எஸ். 180 குதிரைத்திறன், நமக்குக் கொடுத்தது 150தான், 210 நியூட்டன் மீட்டர் டார்க் (அதாவது இழுவை), ஐந்து கியர். அடுத்த தலைமுறை வந்தபோது ஐரோப்பாவில் அதையும் ஆக்டேவியா என்றுதான் அழைத்தார்கள். இங்கே பழையது இன்னும் விற்றுக்கொண்டிருந்ததால் புதியதற்கு லாரா என்று பெயர் வைத்தார்கள். லாரா ஆர்.எஸ். 2011 செப்டம்பரில் வந்தது. அங்கே 2.0 லிட்டர், 200 குதிரைத்திறன். இங்கே 1.8 லிட்டர், 160 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். இரண்டு தடவையும் நமக்குக் குறைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே 180, 200 என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அது ஐரோப்பிய வண்டியின் கணக்கு, அல்லது யாரோ ரீமேப் போட்டிருக்கிறார்கள், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிப் பவரைக் கூட்டியிருக்கிறார்கள். ரீமேப் போட்ட வண்டி என்றால் யார் போட்டது, எப்போது போட்டது, அதற்கப்புறம் கிளட்ச் மாற்றினார்களா என்று கேட்காமல் நகரக் கூடாது.

ஓட்டுவதில் இரண்டும் வேறு வேறு குணம். ஆக்டேவியாவில் ஸ்டியரிங் ஹைட்ராலிக். ரோட்டில் ஒரு பள்ளம், ஒரு ஒட்டுப்போட்ட தார், எல்லாம் கைக்கு வந்து சேரும். 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே கொஞ்சம் தூங்கும், அப்புறம் டர்போ பிடித்ததும் ஒரு தள்ளு தள்ளும், அந்தத் தள்ளுக்காகத்தான் இன்றைக்கும் ஆட்கள் இந்த வண்டியைத் தேடித் திரிகிறார்கள். லாராவில் ஸ்டியரிங் மின்சாரத்தில் இயங்குவது, லேசாக இருக்கும், துல்லியமாகவும் இருக்கும், ஆனால் ரோடு பேசுவது குறைவு. டார்க் 1,500 ஆர்.பி.எம்.மிலிருந்தே முழுசாக வந்துவிடுவதால் தள்ளு என்று தனியாக ஒன்று தெரியாது, எந்த கியரில் இருந்தாலும் இழுத்துக்கொண்டே போகும். ஏலகிரி ஏறும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் வேகம் செத்துவிடும். லாரா இரண்டாவது கியரிலேயே வளைந்து நிமிர்ந்து போய்விடும், ஆக்டேவியாவை அதே இடத்தில் ஆர்.பி.எம். விழாமல் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், காலுக்கும் கைக்கும் வேலை இருக்கிறது. ஆனால் பின் சீட்டில் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு போகிறவருக்கு லாராதான் நல்லது.

பின் சஸ்பென்ஷனிலும் பெரிய மாற்றம் உண்டு. ஆக்டேவியாவில் பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரத்தையும் ஒரே இரும்புக் கட்டை இணைக்கும். லாராவில் மல்டி லிங்க், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். ஜவ்வாது மலைப் பக்கம் அமிர்திக்குப் போகிற மாதிரி ரோட்டில், வளைவின் நடுவில் ஒரு குழி வந்தால் ஆக்டேவியாவின் பின்பக்கம் ஒரு துள்ளு துள்ளும், லாரா அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் மல்டி லிங்க்கில் புஷ், அதாவது மூட்டில் இருக்கும் ரப்பர், எண்ணிக்கை அதிகம், பதினைந்து வருஷத்தில் எல்லாமே தேய்ந்திருக்கும், மொத்தமாக மாற்றினால்தான் வண்டி பழைய மாதிரி நேராக நிற்கும். டார்ஷன் பீமில் இரண்டே இரண்டு பெரிய புஷ்.

பெங்களூர் ஹைவேயில் நூறில் நிதானமாக ஓட்டிக்கொண்டு போகும்போது லாராவின் ஆறாவது கியர் பெரிய வரம். இன்ஜின் சத்தமே அடங்கிவிடும், பெட்ரோலும் கொஞ்சம் மிஞ்சும். ஊருக்குள் கிரீன் சர்க்கிளிலும் காட்பாடி ரயில்வே மேம்பாலத்திலும் ஊர்ந்து போகையில் இரண்டுமே தாராளமாகக் குடிக்கும், அதில் எதுவும் சிக்கனக்காரர் இல்லை. நிஜமாகவே வேகமாக ஓட்டிப் பார்க்க ஆசை இருந்தால் அதற்கு ஹைவே இடமில்லை, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது. வேலூரிலிருந்து அதே ரோடுதான், காலையில் கிளம்பினால் டிபன் நேரத்துக்குப் போய்விடலாம்.

இனி நம்ம ஊர் வெயில். டர்போ காற்றை அழுத்தும்போது அது சூடாகும், சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதனால்தான் இன்டர்கூலர் வைக்கிறார்கள். ஆக்டேவியாவில் அது சின்னது, முன் பம்பரின் ஒரு ஓரத்தில், சக்கரத்துக்கு முன்னால் ஒளிந்திருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது, டிராஃபிக்கில் நின்று நின்று போனால் அது முழுக்கச் சூடேறி, வண்டி மந்தமாகிவிடும். காலை ஆறு மணிக்கு ஓட்டிய வண்டியா இது என்று தோன்றும். ரிப்பேர் ஒன்றும் இல்லை, இயற்பியல்தான். லாராவில் இன்டர்கூலர் முன்பக்கம் ரேடியேட்டரோடு சேர்ந்து காற்றுக்கு நேராக இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. அதற்காக லாரா வெயிலுக்குத் தப்பித்தது என்று நினைக்க வேண்டாம், அதன் கதையைக் கீழே சொல்கிறேன். எந்த வண்டி எடுத்தாலும் மே மாதத்துக்கு முன்னால் கூலன்ட், ரேடியேட்டர் ஃபேன் இரண்டு வேகத்திலும் ஓடுகிறதா, ஏ.சி. போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இப்போது இன்ஜினுக்கு வருவோம். முடிவு இங்கேதான் இருக்கிறது.

ஆக்டேவியாவில் இருப்பது ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் பழைய 1.8 டர்போ, சிலிண்டருக்கு ஐந்து வால்வு, மொத்தம் இருபது. வார்ப்பிரும்பு பிளாக். இதே இன்ஜின் குடும்பம் அந்தக் காலத்து ஆடி ஏ4, கோல்ஃப் என்று உலகம் முழுக்க ஓடியது, அதனால் அதன் நோய்கள் எல்லாம் வெட்டவெளிச்சம். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் பேக் போகும், ஒரு சிலிண்டர் அடிக்காமல் வண்டி உதறும், புது காயில் வாங்கி விரலால் அழுத்திப் பொருத்தினால் முடிந்தது. ஆக்சிலரேட்டரை விடும்போது டர்போவின் காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் ரப்பர் கிழியும், பூஸ்ட், அதாவது டர்போவின் அழுத்தம், நிற்காது. வாக்குவம் ஹோஸ் எல்லாம் சூட்டில் காய்ந்து வெடிக்கும், ஐடில் மேலும் கீழும் ஆடும். இன்ஜினுக்குள் போகிற காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் சோர்ந்து போகும். டர்போவுக்குப் போகிற ஆயில் பைப்பில் கரி பிடிக்கும், காரணம் வேகமாக ஓட்டிவிட்டு வந்து உடனே சாவியைத் திருகி அணைப்பது. இதெல்லாமே இன்ஜினுக்கு வெளியே, ஸ்பேனர் போகிற இடத்தில். ஒவ்வொன்றும் கெடுவதற்கு முன்னால் ஏதாவது ஒரு விதத்தில் சொல்லிவிட்டுத்தான் கெடும்.

சொல்லாமல் கொல்வது ஒன்றே ஒன்று, டைமிங் பெல்ட், அதாவது வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் பட்டை. அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், இருபது வால்வில் எத்தனை வளைந்தது என்பது ஹெட்டைக் கழற்றினால்தான் தெரியும். வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் ஓட்டுகிறது, சில பம்ப்களில் உள்ளே இருக்கும் இறக்கை பிளாஸ்டிக், அது உடைந்தாலும் சிக்கல். ஆனால் இதற்கு மருந்து சுலபம்: வாங்கியதும் பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், ரோலர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றிவிடு, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி ஒட்டிவிடு. கேம் புல்லியிலும் கிராங்கிலும் மார்க் இருக்கிறது, நிதானமான மெக்கானிக் யாராலும் செய்ய முடியும். கிலோமீட்டர் ஓடவில்லை, அதனால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று விற்பவர் சொன்னால் நம்பாதே, ரப்பருக்கு வயசும் கணக்கு.

இன்னொரு நல்ல விஷயம், இதில் பெட்ரோல், காற்று உள்ளே போகிற இன்டேக் பக்கத்திலேயே தெளிக்கப்படுகிறது. அதனால் வால்வின் மேல் பெட்ரோல் ஓடி ஓடி அதுவே கழுவிவிடும், கரி படியாது.

லாராவின் 1.8 டி.எஸ்.ஐ. அப்படி இல்லை. அது அடுத்த காலத்து இன்ஜின், இ.ஏ.888 குடும்பத்தின் இரண்டாவது வடிவம். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. அதனால்தான் அவ்வளவு கீழேயே 250 டார்க் கிடைக்கிறது, அதனால்தான் இன்டேக் வால்வைக் கழுவ ஒன்றும் இல்லாமல் ஆயில் ஆவி படிந்து கரியாக இறுகுகிறது. நாள் ஆக ஆக காலையில் ஸ்டார்ட் செய்யும்போது உதறும், பிக்கப் குறையும். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு அடித்துச் சுத்தம் செய்வது வழக்கமான முறை. அதற்கான கருவி எல்லாப் பட்டறையிலும் கிடையாது.

இது சின்ன விஷயம்தான். பெரிய விஷயம் இரண்டு இருக்கிறது. ஒன்று, டைமிங் செயின். பெல்ட் இல்லை, செயின்தான், ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். அந்தச் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் பழைய வடிவம் பலவீனமானது, பிடி விட்டால் செயின் பல் தாண்டும், அப்புறம் அதே வால்வு, அதே பிஸ்டன், அதே பெரிய செலவு. பின்னால் கம்பெனி டென்ஷனரின் வடிவத்தை மாற்றியது. ஆகவே நாம் கேட்க வேண்டியது செயின் மாற்றினார்களா என்பது மட்டும் இல்லை, எந்த டென்ஷனர் இருக்கிறது என்பதும்தான். கீழ் டைமிங் கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் பழையதா புதியதா என்று இந்த இன்ஜினைத் தெரிந்த மெக்கானிக் சொல்லிவிடுவார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது ஓரிரு விநாடி கரகர என்று சங்கிலி சத்தம் வந்தால் அதுவும் அறிகுறி. நாம் போவதற்கு முன்பே வண்டியைச் சூடேற்றி வைத்திருந்தால், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

இரண்டாவது, ஆயில் குடிப்பது. இந்த இன்ஜினின் ஆயில் ரிங் மெல்லியது, ஆயில் திரும்பி வடிகிற துளைகள் சின்னது, கரி அடைத்துக்கொண்டால் ஆயில் சிலிண்டருக்குள் தங்கி எரியும். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறையலாம் என்று கம்பெனிக் கையேட்டிலேயே இருக்கிறது, அதைத் தாண்டிக் குடிக்கிற வண்டிகளும் உண்டு. இதற்கு முழுத் தீர்வு பிஸ்டனும் ரிங்கும் மாற்றுவது, அதாவது இன்ஜினை இறக்கிப் பிரிப்பது. நம்ம ஊர் வெயிலும், டிராஃபிக்கில் நின்று எரிகிற சூடும், வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் ஆயில் மாற்றும் பழக்கமும் இதை இன்னும் மோசமாக்கும். வாங்குவதற்கு முன்னால் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க முடியாது, ஆனால் சர்வீஸ் பில்லைக் கேட்கலாம். இரண்டு சர்வீஸுக்கு நடுவில் ஆயில் டாப்-அப் பில் அடிக்கடி இருந்தால் விஷயம் புரிந்துவிடும். டிக்கியைத் திறந்து பார், உள்ளே பாதி காலியான ஆயில் கேன் இருந்தால் அதுவும் ஒரு பதில். சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பார், காய்ந்த புகைக்கரி என்றால் பரவாயில்லை, பிசுபிசுவென்று எண்ணெய்க்கரி என்றால் யோசி.

இதோடு தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்ப்பும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு கசிவது, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பி.சி.வி. வால்வின் சவ்வு கிழிந்து விசில் அடிப்பது, இவையும் லாராவில் வரும். ஆனால் அதெல்லாம் செலவைச் சமாளிக்கக் கூடிய வேலை.

இப்போது நான் ஏன் மூன்று கேள்வி என்று ஆரம்பித்தேன் என்று புரியும். ஆக்டேவியா அடிக்கடி கெடும், சின்னச் சின்னதாகக் கெடும், சொல்லிவிட்டுக் கெடும். லாரா பல மாதம் ஒன்றும் இல்லாமல் ஓடும், அப்புறம் ஒரே ஒரு பில்லில் வண்டியின் விலையில் பெரிய பங்கைக் கேட்கும். வேலூரில் பட்டறைக்காரர்களின் கைத்திறமைக்குக் குறைவே இல்லை. லாரி இன்ஜினையும் பஸ் இன்ஜினையும் ரோட்டோரத்தில் பிரித்துப் பூட்டுகிறவர்கள் இந்த ஹைவே முழுக்க இருக்கிறார்கள். பழைய 1.8 டர்போவைக் காட்டினால் அரைநாளில் புரிந்துகொள்வார்கள். ஆனால் டி.எஸ்.ஐ. செயின் வேலைக்கு கேம் ஷாஃப்டைப் பூட்டிவைக்கிற தனிக் கருவி வேண்டும், ஃபோக்ஸ்வேகன் வண்டிக்கான ஸ்கேனரும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். அது பெரும்பாலும் சென்னை, பெங்களூர் வேலை. ஒருமுறை ஏற்றி அனுப்பினால் வண்டி எத்தனை வாரம் அங்கே நிற்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

பெட்ரோலும் இப்போது ஒரு கேள்விதான். 2025-லிருந்து ஏறக்குறைய எல்லா பங்க்கிலும் இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20தான். 2008 வண்டியும் சரி, 2012 வண்டியும் சரி, இரண்டுமே இதற்காக வடிவமைத்தவை இல்லை. மைலேஜ் குறையும் என்பது ஒன்று, பழைய ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் சீக்கிரம் இறுகும் என்பது இன்னொன்று. ஆக்டேவியாவில் எரிபொருள் ஹோஸை எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றுவது பெரிய செலவில்லை, வாங்கியதுமே செய்துவிடலாம். லாராவில் டேங்கிலிருந்து வருகிற பக்கம் அதே மாதிரிதான், ஆனால் இன்ஜின் மேல் இருக்கும் ஹை பிரஷர் பம்ப் விலை உயர்ந்தது, அதைத் தொடுவது வேறு கதை. மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் இருந்தால் இரண்டுக்குமே கெடுதல், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டுக்குமே பின் கண்ணாடியோடு சேர்த்துத் தூக்குகிற டிக்கி, 528 லிட்டரும் 560 லிட்டரும், ஒரு கல்யாண வீட்டுச் சாமானையே ஏற்றலாம். பின் சீட்டில் முட்டி இடிப்பது ஆக்டேவியாவின் பழைய குறை, லாராவின் வீல்பேஸ் 2,512-லிருந்து 2,578 மில்லிமீட்டருக்குக் கூடியதால் அது ஓரளவு தீர்ந்தது. இரண்டுமே தாழ்வானவை, நம்ம கிராமத்து ஸ்பீட் பிரேக்கர்களில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு சாய்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

காகித வேலைதான் பலர் கவனிக்காமல் விடுவது. 2008 வண்டியின் ஆர்.சி. 2023-லேயே பதினைந்து வருஷம் முடிந்திருக்கும். புதுப்பித்திருக்கிறார்களா என்று முதலில் பார். புதுப்பிக்காமல் விட்டால் மாதத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். பதினைந்து வயதைத் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய், இருபதைத் தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் ஆக்கிவிட்டார்கள். இந்த ஆக்டேவியாவுக்கு 2028-ல் இருபது வயது. அதோடு கே.ஏ. நம்பர் என்பதால் பெங்களூர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே தமிழ்நாட்டு வாழ்நாள் வரி கட்டி, டி.என். நம்பர் போட வேண்டும். பசுமை வரியும் உண்டு. வண்டி பழசு என்பதால் வரி குறையும், ஆனால் நடை குறையாது. என்.ஓ.சி. விற்பவர் கையில் வந்த பிறகுதான் முழுப் பணமும் கொடுக்க வேண்டும். லாராவுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை, வேலூர் ஆர்.டி.ஓ.விலேயே பெயர் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதற்கும் 2027-ல் புதுப்பிக்கும் முறை வருகிறது, அதை விலையில் சேர்த்துப் பேசு. இன்ஷூரன்ஸில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை, இரண்டுமே 1,500 சி.சி.க்கு மேல், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தாலே 2022-ல் வைத்த கணக்குப்படி 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. இருந்தால் அது தனி.

போலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாராவில் சாதாரண 1.8 டி.எஸ்.ஐ. மாடலுக்கும் ஆர்.எஸ்.ஸுக்கும் இன்ஜின் ஒன்றுதான், அதே 160 குதிரைத்திறன். பம்பர், ஸ்பாய்லர், சீட், இறுக்கமான சஸ்பென்ஷன், இவைதான் ஆர்.எஸ். ஆகவே பேட்ஜும் பம்பரும் மாட்டி ஆர்.எஸ். என்று விற்பது ரொம்ப சுலபம். ஆர்.சி.யில் என்ன மாடல் என்று எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஸ்டெப்னி இருக்கும் குழியிலோ சர்வீஸ் புத்தகத்திலோ ஒட்டியிருக்கும் கம்பெனி ஸ்டிக்கரையும் பார்க்க வேண்டும். பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் வாங்கினால் இதை இரண்டு முறை பார். இதையே திருப்பிப் போட்டால் ஒரு நல்ல வழியும் கிடைக்கிறது: பேட்ஜ் மேல் ஆசை இல்லாதவர், சாதாரண லாரா 1.8 டி.எஸ்.ஐ.யை நல்ல நிலையில் குறைந்த விலைக்கு எடுத்து, மிஞ்சிய பணத்தில் செயினையும் டென்ஷனரையும் மாற்றிவிட்டால், வேகத்தில் ஆர்.எஸ். லாராவுக்கு எதிலும் குறையாது.

சரி, எது? வீட்டில் வேறு கார் இல்லை, ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஊருக்கும் இதே வண்டிதான் என்றால் லாரா. ஆனால் டென்ஷனர் புதிய வடிவம் என்று கண்ணால் பார்த்து, ஆயில் குடிக்கவில்லை என்று பில்லால் தெரிந்து, ஸ்கேனரில் கேம் ஷாஃப்ட் சம்பந்தமான பிழை எதுவும் இல்லை என்றால் மட்டும்தான். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த வண்டி வேண்டாம், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி. வீட்டில் தினசரி வேலைக்கு இன்னொரு கார் இருக்கிறது, இதை ஆசைக்காக வாங்குகிறோம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆக்டேவியா. நம் கைக்கு எட்டுகிற வண்டி அது. அதைத் தெரிந்துகொள்ளலாம், நம்ம மெக்கானிக்கோடு உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகப் புதுப்பிக்கலாம், இரண்டு வருஷத்தில் அதில் நமக்குத் தெரியாத ஒரு நட்டு இருக்காது. டர்போ பிடித்ததும் வருகிற அந்தத் தள்ளு இனி வருகிற எந்த வண்டியிலும் அப்படியே கிடைக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

தம்பி வீட்டில் சித்தப்பாவின் ஸ்விஃப்ட் நிற்கிறது. ஆகவே அவனுக்கு நான் சொன்னது ஆக்டேவியா. காட்பாடி லாராவைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை, பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு காலையில் போய்க் குளிர்ந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வரட்டும், அப்போதுதான் பெங்களூர் போகும்போது மனசு இரண்டு பக்கம் இழுக்காது. நல்ல நிலையில் இருக்கும் பழைய ஆர்.எஸ்.ஸுக்கு வயதைப் பார்த்து யாரும் விலையை இறக்குவதில்லை, அதனால் பேரத்தை வயதை வைத்து ஆரம்பிக்காமல் பெல்ட் கிட், காயில் நான்கு, ஹோஸ் எல்லாம், புஷ் இரண்டு, டயர் தேதி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கழிக்க வேண்டும். கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடவும் கூடாது, விலையில் கால் பங்காவது முதல் மூன்று மாத வேலைக்கென்று தனியாக இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று: பெல்ட் எப்போது மாற்றியது என்று பில் இல்லையென்றால், புது வண்டி ஓட்டுகிற சந்தோஷத்தில் கிருஷ்ணகிரி வழியாக இருநூறு கிலோமீட்டர் அதை ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். பெங்களூரிலேயே ஒரு பட்டறையில் விட்டு பெல்ட் கிட்டையும் வாட்டர் பம்ப்பையும் மாற்றிவிட்டு ஓட்டி வா, அதற்கு நேரம் இல்லை என்றால் ரெக்கவரி லாரியில் ஏற்றி அனுப்பச் சொல்.